பேப்பர் காய்ந்துதான் கிடந்தது

1. போன்

அந்த போன் வந்தபோது விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் பிரைமர் அடித்த இடத்தை அளந்துகொண்டிருந்தேன். மதியம் மூன்று மணி இருக்கும். பேசியது திருநெல்வேலி வேலையில் என்னோடு இருந்த இசக்கி கொத்தனார்.

"எம்மா, வராண்டா விழுந்துட்டு."

எந்த வராண்டா என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரியும்.

"பாய் எங்க?"

"உள்ளதான் இருந்தாரு. எடுத்துக்கிட்டு இருக்காங்க. நீங்க பதறாம பைய வாங்க."

பஸ் திருநெல்வேலி வந்து சேர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த நேரம் முழுவதும் செய்த வேலையை மனதில் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். எங்கே தப்பு என்று பிடிபடவில்லை. எல்லாம் புத்தகத்தில் இருக்கிறபடிதான் செய்திருந்தேன்.

அப்போது நான் சிவில் முடித்து வாட்டர் ப்ரூஃபிங் தொழிலுக்கு வந்து இரண்டரை வருடம். இப்போது ஐந்து ஆகிறது. அனுபவசாலி என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு இது ஒன்றுமில்லை. ஆனாலும் இப்போது நான் இருக்கும் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மூன்று பேருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்கிறார்கள். கெமிக்கலைப் பற்றி டப்பாவிலேயே எழுதியிருக்கிறது. டப்பாவில் இல்லாததை எழுதுகிறேன்.

2. குட்டைச் சுவர்

திருநெல்வேலி தச்சநல்லூரில் மெயின் ரோட்டை ஒட்டி ஒரு காம்ப்ளெக்ஸ். கீழே ஆறு கடை, மாடியில் ஆறு கடை. மாடிக் கடைகளுக்கு முன்னால் நாற்பதடி நீளத்தில், ஐந்தடி அகலத்தில் ஒரு வராண்டா. அதற்கு மேலே மொட்டை மாடித் தளம் தூண் எதுவும் இல்லாமல் ஐந்தடி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. ஒரு முனையை மட்டும் பிடித்துக்கொண்டு மறுமுனை அந்தரத்தில் நிற்கும் இந்த அமைப்பைத்தான் கான்டிலீவர் என்கிறோம்.

சொந்தக்காரர் ஓய்வுபெற்ற பேராசிரியர். ஐயா என்றே சொல்கிறேன். கட்டியது அவருடைய அப்பா.

ஒழுகல் புகாரைக் கொண்டுவந்தவர் மாடியில் மூன்றாம் கடை வைத்திருந்த டெய்லர் மைதீன் பாய். கடைக்குள் வெட்டு மேஜை வைத்தால் மனிதர் நிற்க இடமில்லை. அதனால் மெஷினை வராண்டாவில் போட்டிருந்தார். மழைக்காலத்தில் தளத்திலிருந்து வெள்ளை வெள்ளையாகத் தண்ணீர் சொட்டும். துணியில் பட்டால் சுண்ணாம்புக் கறை போகாது.

"மாப்பிள்ளைச் சட்டையில திருஷ்டிப் பொட்டு வச்சுத் தைக்கேன்னு மேலப்பாளையம் பூரா சிரிக்கு" என்றார் முதல் நாளே. நான் ஈரம் பார்க்கும் மீட்டரைச் சுவரில் வைத்ததும், "என்னம்மா இது, சோசியப் பெட்டியா? எனக்கு எப்ப விடியும்னு அதுல பாத்துச் சொல்லுங்க" என்றார்.

எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது. புதிதாக வந்திருந்த ஒரு கோட்டிங்கை அங்கே போட்டுப் பார்க்க ஆசை. மொட்டை மாடிக்கு ஏறி, அளந்து, போட்டோ எடுத்து, கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து குறிப்பு எழுதினேன். உட்கார வாகான உயரம். டேப் பிடித்தேன், இரண்டடி. மூன்றடியாவது இருக்க வேண்டும்.

"எம்மா, அதுல உக்காராதிய. தலை சுத்துனா நேரா மெயின் ரோட்டுலதான் கெடப்பிய" என்றார் இசக்கி.

கட்டியவர் சிக்கனக்காரர் போலிருக்கிறது என்று நினைத்தேன். ரிப்போர்ட்டில் இப்படி எழுதினேன்: கைப்பிடிச் சுவர் உயரம் குறைவு, மேலே ஸ்டீல் கம்பி பொருத்தப் பரிந்துரை. அந்த வரியை எழுதிவிட்டு எனக்கே என்மேல் ஒரு மெச்சல். ஒழுகல் பார்க்க வந்தவள் பாதுகாப்பையும் பார்த்துவிட்டேனே.

சுவர் குட்டை இல்லை. தரை உயர்ந்திருந்தது. வெளிப்பக்கம், கான்கிரீட் தளத்தின் மட்டத்திலிருந்து ஒரு தடவை டேப்பைப் பிடித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

கான்கிரீட்டுக்கு மேலே போட்டிருந்த பழைய தளத்தை உடைத்து எடுத்துவிட்டுப் போடலாமா என்று ஐயாவிடம் கேட்டேன். கேட்டேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வற்புறுத்தவில்லை.

"உடைக்கவா? எங்கப்பா உடன்குடி கருப்பட்டியும் கடுக்காயும் ஊற வச்சு ஊத்தி அடிச்ச தளம்மா அது. பத்துப் பொம்பளையாளு வரிசையா இருந்து தட்டுனத நான் கண்ணால பாத்திருக்கேன். அதுல கை வைக்காதிய. மேலேயே போட்டுருங்க."

எல்லா ஊரிலும் சொந்தக்காரர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். உடைத்தால் சத்தம், தூசி, வாடகைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். நமக்கும் மேலே போடுவதுதான் லேசு. நான் தலையாட்டினேன்.

3. நான்கு அங்குலம்

கோட்டிங் அருமையாக வந்தது. மூலையெல்லாம் ஃபைபர் மெஷ் வைத்து, இரண்டு கோட், காய்ந்தபின் மூன்றாவது. அதற்குப் பிறகு பாண்டிங் டெஸ்ட். மழைத்தண்ணீர் போகும் குழாய் வாயைச் சாக்கும் சிமெண்டும் வைத்து அடைத்து, மாடி முழுவதும் நான்கு அங்குலம் தண்ணீர் கட்டி, நாற்பத்தெட்டு மணி நேரம் விட்டுவிட வேண்டும். கீழே சொட்டு இல்லையென்றால் வேலை சுத்தம்.

எங்கள் பக்கம் பலர் இதைச் செய்வதில்லை. என் முதலாளி அண்ணாச்சிக்கும் விருப்பமில்லை.

"ஐப்பசி பொறந்தா தன்னால தெரிஞ்சிரும். நீ எதுக்கும்மா வீணாத் தண்ணி கட்டுத?"

"டெஸ்ட் பண்ணாம ஒப்படைக்கக் கூடாது அண்ணாச்சி."

"படிச்ச பிள்ள சொன்னா கேட்டுத்தான ஆவணும். கட்டு, கட்டு."

ஜெயித்துவிட்டேன் என்று எனக்குத் துள்ளல். காலை மோட்டார் போட்டு மதியத்துக்குள் தண்ணீர் நிறைந்தது. ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கி நின்றார். "குறுக்குத்துறையில நிக்க மாதிரில்லா இருக்கு! தாமிரவருணியையே மேல கொண்டாந்துட்டியளே!" என்று என்னைப் போட்டோ எடுக்கச் சொன்னார். எடுத்தேன். இன்னும் என் போனில் இருக்கிறது.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். பாய் மெஷினை மூடப் போனார்.

"ரெண்டு நாளைக்குக் கடைய அடைக்கணுமாம்மா? முகூர்த்தத் துணி கெடக்கு."

"வேண்டாம் பாய், நீங்க இங்கேயே இருங்க. ஒரு சொட்டு விழுந்தாலும் நீங்கதான் முதல்ல பாத்துச் சொல்லணும்."

வராண்டா முழுக்கப் பழைய செய்தித்தாளை விரித்தேன். காய்ந்த பேப்பரில் ஒரு துளி விழுந்தாலும் வட்டம் தெரியும். நல்ல யோசனை என்று அவரும் மெச்சினார்.

"அப்ப நானும் உங்க மீட்டருதான்" என்றார்.

4. மண்

முதல் நாள் சாயங்காலம் பாய் கூப்பிட்டார். "ஒரு பொட்டுத் தண்ணி இல்ல. பேப்பர் காஞ்சுதான் கெடக்கு."

மறுநாள் காலையில் கூப்பிட்டார். அதே பதில். நான் சந்தோஷத்தில் விக்கிரமசிங்கபுரம் வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

மதியம் தொழுகை முடித்துவிட்டு வந்து மூன்றாம் தடவை கூப்பிட்டார்.

"தண்ணி இல்லம்மா. ஆனா மேலேருந்து கொஞ்சம் மண்ணு உதிருது. பேப்பர் மேல ஒரு கை அளவு கெடந்துச்சு. தூத்து விட்டுட்டேன். இப்பவும் விழத்தான் செய்யுது."

"எங்க பாய், நடுவுலயா?"

"நடுவுல இல்ல. கடைச் சுவரும் தட்டட்டியும் சேருத எடத்துல."

சுவரும் தளமும் சேரும் இடம். கான்டிலீவரைப் பிடித்துக்கொண்டிருக்கும் இடமே அதுதான். கல்லூரியில் அந்தப் படத்தை நூறு தடவை போட்டிருக்கிறேன், பரீட்சையில் முழு மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

"பழைய பூச்சாத்தான் இருக்கும் பாய். மண்ணு பரவால்ல, நாம தண்ணிதானே பாக்குறோம். நீங்க பேப்பரப் பாத்துக்கோங்க."

"சரிம்மா" என்று வைத்துவிட்டார்.

இசக்கி கூப்பிட்டது அதற்கு முக்கால் மணி நேரம் கழித்து.

5. அடுக்குகள்

வராண்டாவுக்கு மேலிருந்த தளத்தின் நாற்பதடியில் பன்னிரண்டடி நீளம் உடைந்து விழுந்திருந்தது. மீதி தொங்கலாக நின்றது. அதற்குக் கீழே அவசரமாக முட்டுக் கொடுத்திருந்தார்கள். தண்ணீர் படிக்கட்டு வழியாக இறங்கி ரோடு வரை ஓடியிருந்தது. பாயை அதற்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விட்டார்கள். விழுந்த துண்டைத் தையல் மெஷின் தாங்கியதால் தலை தப்பியது. வலது கை மெஷின்மேல் இருந்திருக்கிறது.

உடைந்த விளிம்பில் தளத்தின் குறுக்குவெட்டு அப்படியே தெரிந்தது. இசக்கி கிட்டே போய்ப் பார்த்தார். பிறகு விரல் வைத்துக் காட்டினார்.

"இது கான்கிரீட்டு. இதுக்கு மேல ஐயாவோட அப்பா போட்ட சுருக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். அதுக்கு மேல தட்டோடு. அது மேல மறுபடியும் ஜல்லி போட்டு மறுபடியும் ஓடு. இது நான் போட்டது, பதினஞ்சு வருசம் இருக்கும். இந்தா, இதுக்கு மேலயும் ஒருத்தன் போட்டிருக்கான். கூலிங் டைல்ஸ். அது மேல நம்ம கோட்டிங்கு."

மொத்தம் ஓரடி உயரம். ஒவ்வொரு தடவை ஒழுகியபோதும் யாரோ வந்து, உடைக்காமல், மேலே ஒன்று போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சுமா சொல்லாம இருந்தீங்க?"

"நான் போட்டது தெரியும். அதுக்கு மேல போட்டது தெரியாது. நீங்க டேப்பப் பிடிச்சிய, மீட்டர வச்சிய, படம் பிடிச்சிய. பாத்திருப்பியன்னு நெனச்சேன். நீங்க எங்கிட்ட கேக்கலியே எம்மா."

அவர் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தார். நான் கேட்கவில்லை.

கணக்கு எளிது. அந்த ஓரடி அடுக்கு ஒரு சதுர அடிக்குச் சுமார் ஐம்பது கிலோ. நான் கட்டிய நான்கு அங்குலத் தண்ணீர் ஒரு சதுர அடிக்கு ஒன்பது கிலோவுக்கு மேல். வராண்டாவுக்கு மேலே மட்டும் கிட்டத்தட்ட இரண்டு டன். கான்டிலீவரில் பாரத்தைத் தாங்கும் கம்பி தளத்தின் மேல்பக்கம் இருக்கும். பல வருடமாக மேலிருந்து இறங்கிய தண்ணீர் அந்தக் கம்பியைத்தான் முதலில் தின்றிருந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். விரல் பருமன் இருக்க வேண்டிய கம்பி பென்சில் முனை போல் இருந்தது. கீழிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. ஐயா வருடந்தோறும் பெயிண்ட் அடித்திருந்தார்.

என் கோட்டிங் மட்டும் அந்த இடிபாட்டில் கிழியாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

6. ரிப்போர்ட்

மறுநாள் அண்ணாச்சி ஆபீஸ் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"கீழ ஆள் இருக்கக் கூடாதுன்னு சொன்னோம், பாய்தான் கேக்கலன்னு நம்ம ரிப்போர்ட்டுல ஒரு வரி சேத்துரு."

"நாம சொல்லலையே அண்ணாச்சி."

"சொல்ல மறந்துட்டோம், அவ்வளவுதான. எப்பவும் சொல்லுதது தான? இது ஒண்ணும் பொய்யில்ல. உனக்கும் வயசு இருக்கு, கல்யாணம் காட்சி இருக்கு. கேசு கீசுன்னு அலையாத."

அந்த வரியை டைப் அடித்தேன். இதை மறைக்க விரும்பவில்லை. பயமாக இருந்தது, அடித்தேன். அனுப்பவில்லை, சேமித்து மட்டும் வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

பாய்க்கு மணிக்கட்டுக்கு மேலேயே கையை எடுத்திருந்தார்கள். அவருடைய மனைவி என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். கட்டில் அருகில் நின்றேன். பாய்தான் முதலில் பேசினார்.

"நான் சரியாத்தான பாத்தேன்? ஒரு சொட்டு விழலம்மா. பேப்பர் காஞ்சுதான் கெடந்துச்சு."

"ஆமா பாய்."

"மண்ணு விழுந்தப்பவே எந்திரிச்சுப் போயிருவமான்னு நெனச்சேன். நீங்க பேப்பரப் பாக்கச் சொன்னியள்லா. அதான் இருந்தேன்."

குற்றம் சொல்கிற குரல் இல்லை. கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்தோமா என்று உறுதிப்படுத்திக்கொள்ளும் குரல். அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

ஆபீஸுக்கு வந்து அந்த வரியை அழித்தேன். அந்த இடத்தில் எழுதினேன்: வாடகைக்காரர் கடையை மூட முன்வந்தார். நான்தான் அங்கேயே இருக்கச் சொன்னேன். மண் உதிர்வதாக போனில் சொன்னார். பரவாயில்லை என்றேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அந்தக் கம்பெனியில் என் கடைசி நாள் அது. வழக்கு இன்னும் நடக்கிறது, வாய்தாவுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். பாயையும் அங்கேதான் பார்க்கிறேன். இடது கையில் சாக்கட்டி பிடித்துத் துணியில் கோடு போட முடிகிறதாம். கத்தரி இன்னும் பிடிபடவில்லை.

உங்கள் மூன்று பேருக்கும் நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். கைப்பிடிச் சுவரை உள்ளே ஒரு தடவை, வெளியே ஒரு தடவை அளந்து பாருங்கள். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தக் கட்டிடம் இத்தனை வருடமாகச் சுமக்கும் பாரம். சொந்தக்காரர் என்ன சொன்னாலும் ஒரு இடத்திலாவது கான்கிரீட் தெரியும்வரை உடைத்துப் பாருங்கள், கம்பியைப் பாருங்கள். முன்னால் வேலை செய்த கொத்தனார் பக்கத்தில் இருந்தால் வாயைத் திறந்து கேளுங்கள். இதையெல்லாம் முடிக்காமல் ஒரு வாளித் தண்ணீர்கூட மேலே கட்டாதீர்கள். கட்டினால் கீழே ஒருவரும் இருக்கக் கூடாது.

நாம் பயன்படுத்தும் டெஸ்ட் படிவத்தில் 'கசிவு: உண்டு / இல்லை' என்ற வரிக்குக் கீழே இன்னொரு வரி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'தண்ணீரைத் தவிர வேறு என்ன விழுந்தது?' நான் சேர்த்தது அது. ஒன்றும் விழவில்லை என்றால், தண்ணீரை வடித்த பிறகு நீங்களே போய்ப் பார்த்து, ஒன்றும் விழவில்லை என்று உங்கள் கையால் எழுதுங்கள்.