நைனாவுக்கு மிஞ்சிய சொல்

எங்கள் தெரு ஜெப வீட்டில் ஜெபம் பண்ணுவதற்கு ஒரு முறை இருந்தது. என் நைனா முன்னால் நின்று ஒரு வரி சொல்வார்; நாங்கள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு அதைத் திருப்பிச் சொல்வோம். பிறகு அடுத்த வரி. எழுத்து தெரிந்தவர்கள் அந்தத் தெருவில் குறைவு. போதகர் உத்திரமேரூரிலிருந்து மாதம் ஒரு தடவை சைக்கிளில் வருவார், மழை பிடித்துக்கொண்டால் அதுவும் கிடையாது. மற்ற நாளெல்லாம் எங்கள் தெருவுக்காகக் கடவுளிடம் பேசியது நைனாவின் வாய்தான். பகல் முழுக்கப் பெருநகர் கிராமத்துக் குடியானவர் ஒருவரின் நிலத்தில் ஏர் ஓட்டிவிட்டு, சாயங்காலம் கால் கழுவிக்கொண்டு வந்து நிற்பார். என்ன வரி வருகிறது என்று யாரும் யோசித்துத் திருப்பிச் சொன்னதில்லை. அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

வாய்ச் சுத்தம் அவருக்குப் பெரிய விஷயம். வாலிபத்தில் அவரைப்போல மாட்டைக் கெட்ட வார்த்தையில் வைகிற ஆள் அந்த வட்டாரத்திலேயே இல்லை என்று அம்மா சொல்வாள். ஞானஸ்நானம் எடுத்ததோடு அதை விட்டுவிட்டார், எங்களையும் விட வைத்தார். நான் ஆட்டைப் பார்த்து "சனியனே" என்று அதட்டினால் போதும், "போயி வாயக் கயுவிக்கினு வா" என்பார். களை எடுத்துக் கூலி வாங்குகிற வயசுப் பெண்ணை வாய் கழுவ அனுப்புகிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஊருக்குள் கரண்டு கம்பம் நட்ட வருஷம், தை அறுப்பின்போது, நெல்லுக் கட்டைத் தலைக்கு ஏற்றும் நேரத்தில் நைனா வயலிலேயே சாய்ந்தார். பாரிச வாயு என்றார்கள். வலது கை, வலது கால், வாயில் வலது பக்கம். நாட்டு வைத்தியர் புறா ரத்தம் தேய்க்கச் சொன்னார், தேய்த்தோம். புறா செத்ததுதான் மிச்சம். காலில் மட்டும் கொஞ்சம் உயிர் வந்து கோல் ஊன்றி நடந்தார். பேச்சு திரும்பவில்லை.

திரும்பியது ஒரே ஒரு சொல். ஒரு நாள் அம்மா கஞ்சி கொண்டுபோனபோது, தண்ணீர் கேட்பதற்காக வாயைத் திறந்தார். சொம்பைக் காட்டிய கையைப் பார்த்தாலே தெரிந்தது. "சனியனே" என்றார். தெளிவாக, ஓர் எழுத்துகூடக் குழறாமல். அம்மா சிரித்துவிட்டாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கினாள். அவர் மறுபடி மறுபடி முயன்றார். எந்தச் சொல்லைத் தேடிப் போனாலும் கைக்கு வந்தது அதுதான்.

நிலத்துக்காரர் ஒரு நாள் பார்க்க வந்தார். எங்கள் தெருவுக்குள் அவர்கள் கால் வைக்கும் வழக்கமில்லை. தெருமுனையில் நின்றுகொண்டு சொல்லி அனுப்பினார். அம்மாவும் நானும் நைனாவைத் தாங்கிப் பிடித்து அங்கே கூட்டிப்போனோம்.

"இன்னாடா, இப்ப எப்டி கீது?" என்று கேட்டார். நல்ல மனசோடுதான் கேட்டார், அதைச் சொல்லியாக வேண்டும்.

நைனா தன்னிடம் இருந்த பதிலைச் சொன்னார்.

அம்மா அப்படியே மண்ணில் விழுந்தாள். "ஆண்டே, அவரு ஒங்கள சொல்லல ஆண்டே! வாயி அப்டி ஆயி பூட்ச்சி ஆண்டே!" அந்தக் காலத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரு தெருவே எரியலாம். நிலத்துக்காரர் நைனாவின் கோணிய வாயைப் பார்த்தார். பிறகு திரும்பிப் போய்விட்டார். அதனால் எங்களுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து நைனா தோள் துண்டை எடுத்து வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். கஞ்சி குடிக்க அவிழ்ப்பார், குடித்ததும் மறுபடி கட்டிக்கொள்வார். ஜெப வீட்டுப் பக்கம் தலைகாட்டவே இல்லை.

எனக்குக் கடவுள் மேல் கோபமான கோபம். எடுத்துக்கொள்வதாக இருந்தால் எல்லாச் சொல்லையும் எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே? ஊமையாக்கியிருந்தால்கூட மரியாதையாக இருந்திருக்கும். ஒரு மனுஷன் வேண்டாம் என்று துப்பியதைத் தேடி எடுத்து, அதை மட்டும் அவன் வாயில் திரும்ப வைப்பது எந்த ஊர் நியாயம்? களை பிடுங்கும்போதெல்லாம் இதையே கேட்டேன். செய்த பாவத்துக்குத் தண்டனை என்று பக்கத்து வரப்பில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள். அவர்களுக்கு நான் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது.

ஜெப வீட்டில் முன்னால் நிற்க ஆளில்லை. ஜனங்கள் வந்து உட்கார்ந்து, தெரிந்த பாட்டைப் பாடி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள்.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. போதகருக்கு அன்று உத்திரமேரூரிலேயே ஆராதனை. உச்சி வெயிலில் அம்மா நைனாவின் எதிரே போய் நின்றாள்.

"எய்ந்துருய்யா, போலாம்."

அவர் வாயில் கட்டிய துண்டைத் தொட்டுக் காட்டினார்.

"ஒன்ன ஜெபம் பண்ண யாரு கூப்ட்டா? வாயி வராட்டி போவுது, ஒடம்பு வந்து குந்தட்டும். ஏசுசாமி மட்டும் அன்னிக்கி பேசிக்கினா இருந்தாரு? தொங்கிக்கினுதான இருந்தாரு?"

சிலுவையில் அவர் ஏழு வார்த்தை பேசினார் என்று போதகர் சொல்லிக்கொடுத்தது அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு அதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. நைனா எழுந்து கோலை எடுத்துக்கொண்டார்.

வாசலை ஒட்டி ஒரு சாக்கில் அவரை உட்கார வைத்தோம். பாட்டு முடிந்தது. வழக்கமாக ஜெபம் வரும் இடம் அது. முன்னால் ஆளில்லை என்பதையே மறந்து, எல்லாரும் பழக்க தோஷத்தில் தலையைக் குனிந்து கண்ணை மூடினார்கள். கோல் தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது. அந்த நாட்களில் நான் கண்ணை மூடுவதில்லை, அதனால் பார்த்தேன். நைனா எழுந்து சுவரில் சாய்ந்து நின்று, துண்டைக் கழுத்துக்கு இறக்கினார். அவரையும் அந்தப் பழக்கம்தான் எழுப்பியிருக்க வேண்டும்.

"சனியனே" என்றார்.

"சனியனே" என்று மொத்த சபையும் திருப்பிச் சொன்னது.

சொன்ன பிறகுதான் அவரவர் காதில் அது விழுந்தது. ஒவ்வொரு கண்ணாகத் திறந்தது. பின்னாலிருந்து ஒரு குழந்தை களுக்கென்று சிரிக்க, யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள். பெரிய வெள்ளிக்கிழமையன்று, மண்சுவரில் மாட்டிய சிலுவைக்கு எதிரே, ஒரு சபையே கூடி வைதிருந்தது. நைனாவின் வாயோரம் எச்சில் வழிந்தது. ஓடிவிடுவார் என்று நினைத்தேன். அந்தக் காலை வைத்துக்கொண்டு எங்கே ஓடுவது? சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் மறுபடியும் அதையே சொன்னார்.

இந்தத் தடவை எனக்கு ராகம் கேட்டது. அது மாட்டை வைகிற ராகமில்லை. "கர்த்தாவே" என்று அவர் எப்போதும் தொடங்கும் அதே இழுப்பு. ஜெபத்தின் முதல் வரியை அவர் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே எல்லா வரியும் அப்படியே இருந்தது, வெளியே போட்டுக்கொண்டு வர அந்த ஒரு கந்தல்தான் இருந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை. முதல் தடவை தெரியாமல் சொன்னதை இப்போது தெரிந்து சொல்ல வேண்டும்.

நான் சொன்னேன், உரக்கவே சொன்னேன். மாதக்கணக்கில் கடவுளைப் பார்த்து எனக்குச் சொல்லத் தோன்றியிருந்ததும் அந்தச் சொல்தான். நெஞ்சிலிருந்த கோபம் முழுக்க அதோடு வெளியே வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது. அம்மா சொன்னாள். பிறகு ஆண்கள் பக்கம் ஒரு குரல். பிறகு எல்லாரும் சொன்னார்கள்.

நைனா பாதியில் விடவில்லை. மழைக்கான வரியை அதன் ஏற்றத்தை வைத்துக் கண்டுபிடித்தோம். நோயாளிகளுக்கான வரியில் குரல் இறங்கும், இறங்கியது. நிலத்துக்காரர் வீட்டுக்கான வரியும் வந்தது. அதில் திணறினார், ஆனால் தாண்டிப் போகவில்லை. அவர் திடமாக இருந்த காலத்தில் இதே ஜெபத்தை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், பாதி நேரம் மனசு வீட்டில் என்ன குழம்பு என்றுதான் ஓடும். அன்றுதான் அந்தத் தெருவே ஒவ்வொரு வரிக்கும் காது கொடுத்தது. என் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை, இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனால் கையும் காலும் அசைக்க முடியாமல் தொங்கியவரிடம் எங்களை இப்படியே கொண்டுபோய் நிறுத்தலாம், அவர் முகம் சுளிக்கமாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பின்னால் வந்த எத்தனையோ கஷ்டங்களில் நான் கால் ஊன்றி நின்றது அதன் மேல்தான். நைனாவுக்குக் கடைசிவரை கையும் எழும்பவில்லை, வேறு சொல்லும் வரவில்லை. சாகும்வரை அவர்தான் முன்னால் நின்றார்.

ஜெபத்தின் முடிவில், "என் பொண்ண கைவிட்டுடாதீங்க கர்த்தாவே" என்று எனக்காக ஒரு வரி வைப்பது அவர் வழக்கம். அந்தப் பெரிய வெள்ளிக்கிழமையும் அந்த இடம் வந்தது. இடது கையை என் பக்கம் நீட்டி, குரலை நன்றாகத் தாழ்த்தி, "சனியனே" என்றார். எல்லாரும் திருப்பிச் சொன்னார்கள். நான் மட்டும் ஆமென் என்றேன்.