செவலை நின்ற இடம்

ஏலக்காய்ச் சாக்கும் டீசலும் நனைந்த நாய் மயிரும் கலந்த ஒரு வாடை. கடற்கரை என்றதும் ஊருக்கெல்லாம் உப்புக்காற்று ஞாபகம் வருமாம், எனக்கு வருவது எங்கள் ஜீப்பின் பின்சீட்டு வாடைதான். அய்யா அந்த ஜீப்பில் கோம்பையிலிருந்து மலைக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போவார். அண்ணன் ஒருநாள் கேட்காமல் வண்டியை எடுத்து ஓடையில் இறக்கிவிட்டான் என்று, தோட்டத்து ஆட்கள் அத்தனை பேருக்கும் முன்னால் செருப்பைக் கழற்றி அடித்தார். அன்று போனவன்தான்.

திருச்செந்தூருக்கு மொட்டை போடப் போய், கன்னியாகுமரியும் பார்த்துவந்த பக்கத்து வீட்டுக்காரர், "ஒங்க மகென் மாதிரி ஒருத்தன் கடக்கரை ரோட்டுல மீன் லாரிக்கு ஐஸ் அள்ளிப் போட்டுக்கிட்டு நின்னான், எறங்குறதுக்குள்ள பஸ்ஸ எடுத்துட்டாக" என்றார். எந்த ஊர் என்று கேட்டால், "அங்கனதான், கடலு தெரிஞ்சுச்சு" என்கிறார். மகராசன், அதைவிடச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

அம்மா போலீசுக்குப் போகலாம் என்றாள். அய்யாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "கோம்பை நாய வீட்ல வச்சுக்கிட்டு எவனாச்சும் போலீசுக்குப் போவானா? ஒருக்கா மோந்துச்சுன்னா சாகுற மட்டும் மறக்காது!" செவலை, அண்ணன் குட்டியிலிருந்து வளர்த்த நாய். கருமூஞ்சி, அவன் சொன்னால் மட்டுமே உட்காரும். அவனுடைய துவைக்காத சட்டையை ஒரு பைக்குள் சுருட்டி அம்மா மடியில் வைத்துக்கொள்ள, கன்னியாகுமரியில் தொடங்கி கடலோரமாகவே தேடிக்கொண்டு போவது என்று கிளம்பினோம். எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் இப்படியொரு கிறுக்குத்தனம் தோன்றாது.

படகு தெரிகிற இடத்திலெல்லாம் வண்டி நிற்கும், அம்மா சட்டையை நாயின் மூக்கில் பிடிப்பாள், அது இறங்கி ஓடும், ஓடிப்போய் ஏதாவது ஒரு மீன் கூடைக்குள் தலையை விடும். மீன்காரப் பெண்கள் சிரிப்பார்கள், அய்யா முகம் செத்துப்போகும். செக்கச்செவேலென்று மணல் குவிந்த தேரிக்காடு, ஆளே இல்லாத பனங்காடு என்று நிலம் மாறிக்கொண்டே வந்தது, மலை மட்டும் எங்கேயும் இல்லை. மலையைப் பார்த்துத் திசை சொல்லிப் பழகிய அய்யா, வலப்பக்கம் கடல் இருந்தும் வழி தடுமாறினார்.

உவரி தாண்டி, பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாத ஒரு சின்ன ஊரில், கருவாடு காயப்போட்ட களத்தைக் கடந்து ஓடிய செவலை, பூட்டிக் கிடந்த ஓர் ஓலைக் கொட்டகையின் முன்னால் போய் உட்கார்ந்தது. யாரும் சொல்லாமலே உட்கார்ந்தது. வாலை ஆட்டியது. கொட்டகையில் தங்குகிற பையன்கள் கடலுக்குப் போயிருக்கிறார்கள், விடிந்துதான் வருவார்கள் என்று அங்கிருந்த ஒருவர் சொன்னார்.

"ஏங்க, இருந்து பாத்துட்டுப் போவம்" என்றாள் அம்மா.

"சும்மா கெட. கருவாட்டு நாத்தத்துக்கு நிக்கிது. இன்னும் எத்தன ஊர்ல இது நம்மள அசிங்கப்படுத்தணும்?" வர மறுத்த நாயை அய்யா பெல்ட்டால் அடித்து, இழுத்து வண்டியில் போட்டார்.

அதற்குப் பிறகு சட்டையை மூக்கில் வைத்தாலும் செவலை எழுந்திருக்கவில்லை. தூத்துக்குடி உப்பளம், வேம்பார், கருவேலங்காடு, எங்கேயும் இறங்கவில்லை. தனுஷ்கோடி மணலில் ஜீப்பு உறுமிக்கொண்டு போய், இரண்டு பக்கமும் தண்ணீர் வந்து, இதற்கு மேல் பூமியே இல்லை என்ற இடத்தில் அய்யா இன்ஜினை நிறுத்தினார். "அங்கனயே இருந்திருக்கலாம்" என்று அம்மா சொன்னாள். அய்யா வண்டியைத் திருப்பினார்.

திரும்பி வரும்போது அந்த ஊரைத் தேடினோம். எல்லா ஊரிலும் கருவாடு காய்ந்தது, எல்லாக் கொட்டகையும் ஓலையாக இருந்தது, அடையாளத்துக்கு ஒரு குன்றுகூட இல்லை. செவலையை இறக்கிவிட்டுக் கெஞ்சினார் அய்யா. அது ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

இப்போது அய்யா இல்லை, செவலை இல்லை, ஜீப்பை எடைக்குப் போட்டாயிற்று. போன வருடம் என் வீட்டுக்காரரோடு அந்த வழியாகப் போனேன்; சாலை அகலமாகிவிட்டது, ஓலைக் கொட்டகை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அதை அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சொல்லியிருக்கலாம். போன மாதம் கோம்பைக்குப் போனால், அம்மா ஒரு செவலைக் குட்டி வாங்கி வைத்திருக்கிறாள். "வளரட்டும்த்தா, இன்னொருக்கா போயி வருவம்" என்றாள். பீரோவிலிருந்து அந்தப் பையை எடுத்தாள். இத்தனை வருடமாக ராத்திரி தவறாமல் முகத்தில் வைத்து அவள் அழுத சட்டை அது. குட்டி அதை மோந்து பார்த்தது, சுற்றும்முற்றும் தேடியது, பிறகு நேராகப் போய் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து வாலை ஆட்டியது.