எட்டு டிகிரியும் ஒரு சின்ன ஆணியும்

வரிசை போட்டுக்கொள்ளாமல் எனக்கு எழுத வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. படகின் பிளாஸ்டிக் பேனலை ஏன் கழற்றினோம்
2. அந்த இடத்தில் தேக்குப் பலகை வந்த விதம்
3. கன்னியப்பன் மறந்து விட்ட ஆணியால் காம்பஸ் பிசகியது
4. அன்றும் இன்றும்

வெயிலில் காய்கிற நெத்திலியும் புதுசாய் இழைத்த தேக்கும் கலந்த ஒரு வாசனை... ராயபுரம் மீன்பிடித் துறைமுகத்தின் ஓரத்தில், கட்டைகள் மேல் ஏற்றி வைத்த பாய்மரப் படகு ஒன்று. தொண்ணூறுகள் முடிகிற சமயம்.

படகு ஸ்டீபன் சாருடையது. எங்கள் தெருக்காரர், கப்பல் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அப்போது எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பிரஷர் கேஜ், தெர்மாமீட்டர்களைச் சரிபார்க்கும் பிரிவில் இருந்தேன். அதனால்தான் என்னைக் கூப்பிட்டார். படகைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று மூன்று முறை சொல்லிப் பார்த்தேன்.

காம்பஸ், ஆழம் காட்டும் மீட்டர், வேகம் காட்டும் மீட்டர் மூன்றும் ஒரு பிளாஸ்டிக் பேனலில் இருந்தன. வெயிலில் வெளுத்து, விரல் வைத்தால் மாவு மாதிரி உதிர்ந்தது.

காசிமேட்டில் விசைப்படகு கட்டும் தச்சர் கன்னியப்பன் அதைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, சோப்பு டப்பாவ வெட்டி வச்சா மாதிரி கீது?"

"அதை எடுத்துட்டு தேக்குல பண்ணணும் கன்னியப்பா. இது சரியா வந்தா உள்ள கேபின் வேலை முழுசும் உனக்குத்தான்" என்றார் ஸ்டீபன் சார்.

கன்னியப்பன் அதுவரை மீன்பிடிப் படகுகள் மட்டுமே செய்தவர். இப்படி ஒரு படகு கைக்கு வந்தது அவருக்குப் பெரிய விஷயம். பலகையை இழைக்கும்போதே தெரிந்தது.

பழைய பேனலைக் கழற்றும் முன் ஸ்டீபன் சார் இருக்கையில் உட்கார்ந்து காம்பஸைப் படித்தார். நாற்பது டிகிரி. நான் கீழே நின்று நோட்டில் எழுதிக்கொண்டேன். படகு கட்டை மேல் இருப்பதால் திசை மாறாது. புதுப் பேனல் போட்ட பிறகும் நாற்பதுதான் வரவேண்டும்.

ஓட்டைகளுக்கு அளவெடுத்தேன். திரும்பத் திரும்ப எடுத்தேன்.

"நாலு தபா அளந்தா மரம் வளருமா சார்?" என்றார் கன்னியப்பன். ஐந்தாவது முறை அவர் பார்க்காதபோது அளந்தேன்.

பேனல் வந்தது. வார்னிஷ் அடித்த தேக்கு, மாலை வெயிலில் தேன் மாதிரி... மூன்று கருவிகளும் கச்சிதமாக உட்கார்ந்தன. நான் குனிந்து காம்பஸைப் படித்தேன்.

நாற்பத்தெட்டு.

மறுபடி குனிந்தேன். நாற்பத்தெட்டு. ஸ்டீபன் சார் வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அவருக்கும் நாற்பத்தெட்டுதான்.

காம்பஸ் பக்கத்தில் இரும்பு இருக்கக் கூடாது என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தேன்.

"எல்லாம் பித்தள ஸ்க்ரூ சார். கங்கம்மா மேல சத்தியம்" என்றார் கன்னியப்பன். முகம் வாடிவிட்டது. "இரும்பு போட்டான்னு வெளிய தெரிஞ்சா காசிமேட்ல என் பேரு நாறிடும்."

என் சட்டைப் பையில் எப்போதும் காந்த முனை ஸ்க்ரூடிரைவர் ஒன்று இருக்கும். அதை எடுத்து ஒவ்வொரு ஸ்க்ரூவாகத் தொட்டுப் பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை. பையில் செருகிக்கொண்டு மறுபடி குனிந்தேன். நாற்பத்தெட்டு.

கன்னியப்பன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னா சார், நீ குனிஞ்சா ஊசி கூட திரும்பிப் பாக்குது? ஆபீசருன்னு அதுக்கும் தெரிஞ்சிபோச்சி போல!"

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். கொஞ்சம் கோபம் கூட. "உள்ளே எங்கேயோ இரும்பு இருக்கிறது, பிரித்துப் பார்க்கவேண்டும்" என்றேன். அவ்வளவு திடமாக நான் பேசியது அபூர்வம்.

பிரித்தார். பின்பக்கச் சட்டத்தில், ஒட்டும்போது பிடிமானத்துக்கு அடித்த அரை இஞ்சு இரும்பு ஆணி ஒன்று இருந்தது. பிடுங்க மறந்திருக்கிறார்.

"ஒண்ணே ஒண்ணு சார்... மறந்துட்டேன்" என்றார்.

அதை எடுத்துவிட்டு மறுபடி மாட்டினார். அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்ததால் நான் படகிலிருந்து கீழே இறங்கி நின்றுகொண்டேன். ஸ்டீபன் சார் இருக்கையில் உட்கார்ந்து கத்தினார்:

"நாப்பது! கரெக்டா நாப்பது! டேய் ஆணி கன்னியப்பா!"

சுற்றி வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கன்னியப்பனும் சிரித்தார். கேபின் வேலை அவருக்கே கிடைத்தது, அருமையாகவும் செய்தார். ஆனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. போன மாதம் காசிமேட்டில் விசாரித்தபோதும், "யாரு, ஆணியா? நல்லாக்கீறாரு" என்றார்கள்.

அந்தப் படகில் ஒருமுறை எண்ணூர் வரை போனேன். பயத்தில் முன்பக்கமே உட்கார்ந்திருந்தாலும், திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தேக்கு மின்னும்... என் வாழ்க்கையில் நான் கை வைத்து அழகாக முடிந்த ஒரே பொருள் அதுதான்.

அன்று திசை பார்க்க மூன்று பேர், ஒரு நோட்டு, நான்கு நாள். இன்று உள்ளங்கையில் போன். இதை எழுதும்போது, படகு நின்ற அந்த நாற்பது டிகிரி எந்தப் பக்கம் என்று பார்க்கலாமே என்று போனில் காம்பஸைத் திறந்து மேசையில் வைத்தேன். குனிந்தேன். ஊசி நகர்ந்தது. நிமிர்ந்தேன். பழைய இடத்துக்கே வந்தது. மறுபடி குனிந்தேன்...

ஓய்வு பெற்று இத்தனை வருடமாகியும் அந்த ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் நான் சட்டை போடுவதில்லை. பையிலிருந்து எடுத்து அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்து குனிந்தேன். ஊசி அசையவே இல்லை.

அந்தச் சின்ன ஆணிக்கு எட்டு டிகிரி திருப்பும் பலம் ஏது? இத்தனை வருடம் இதை நான் யோசித்ததே இல்லை. கன்னியப்பன் கண்ணால் பார்த்ததைத்தான் அன்று சொன்னார்.

ஆகவே மேலே மூன்றாவதாக எழுதியது தவறு. காம்பஸைப் பிசக வைத்தது நான்.

அடித்துத் திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காசிமேடு போய் கன்னியப்பனிடம், பக்கத்தில் இருப்பவர்கள் காதிலும் விழுகிற மாதிரி இதைச் சொல்லவேண்டும். ஸ்க்ரூடிரைவரையும் எடுத்துப் போகிறேன். அவரே குனிந்து பார்க்கட்டும்.