'முற்றும்' இல்லாத நாவல்

எழுபதுகளின் தொடக்கத்தில், சனிக்கிழமை மத்தியானங்களில், நாங்கள் நாலு பெண்கள் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு மாமியின் வீட்டில் கூடி நாவல் பேசுவோம். ஒரே புத்தகத்தைக் கைமாற்றிப் படித்துவிட்டு வரவேண்டும். "நன்னா இருந்தது" என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது. ஏன் என்றும் சொல்லவேண்டும். இந்தச் சட்டம் போட்டவள் நான்தான். எனக்கு அப்போது வாய் கொஞ்சம் நீளம். இப்போதும் குறைந்துவிட்டதாக யாரும் சொல்வதில்லை.

மாமிக்கு எந்த நாவலும் பிடிக்காது. ஆனால் ஒன்றைக்கூடப் படிக்காமல் விடமாட்டார். "இந்தக் கதாநாயகி எப்போ பாத்தாலும் ஜன்னல் கம்பியைப் பிடிச்சுண்டு நிக்கறாளே, ஆத்துல வேலையே கிடையாதா?" என்பார். நான் உருகி உருகிப் பேசிய நாவலெல்லாம் அந்த ஒரு கேள்வியில் கவிழ்ந்துவிடும். மூன்றாமவள் பள்ளிக்கூட டீச்சர். கதையை விட்டுவிட்டு சந்திப் பிழை பார்ப்பாள்.

நாலாமவள்தான் எங்களில் இளையவள். மந்தைவெளியில் அண்ணா வீட்டில் இருந்தாள். கணவன் கை நீட்டுகிறவன் என்பது, அவள் சொல்லாமலேயே, முழங்கைத் தழும்பைப் பார்த்து எங்களுக்குத் தெரிந்திருந்தது. திரும்பிப் போகச் சொல்லி அண்ணா நச்சரித்துக்கொண்டிருந்தார். நாங்கள் அதைப் பற்றிக் கேட்டதில்லை. நாவல் பேசத்தானே வந்தாள், பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

ஒருமுறை அவள் கொண்டுவந்தது ஒரு பைண்டு செய்த தொடர்கதை. வாரப் பத்திரிகையிலிருந்து பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, காலிகோ துணி அட்டை போட்டது. அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் அப்படி ஒன்றாவது இருக்கும். கதைக்கு நடுவே பாதி ஜோக் வரும், தலைவலித் தைல விளம்பரம் வரும். பைண்டர் ஓரம் வெட்டும்போது அடியில் இருக்கும் 'தொடரும்' எல்லாம் போய்விடும்.

கதாநாயகி விடிகாலையில் வீட்டை விட்டுப் படியிறங்கிப் போகிறாள். கதை அங்கே நின்றுவிடுகிறது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இப்படி முடிக்க என்ன தைரியம் வேண்டும் என்று அரை மணி நேரம் பேசினேன். மாமி மட்டும், "முடிவா இது? கதை சொல்லிண்டே இருந்தவர் பாதியில எழுந்து போனாப்பல இருக்கு" என்றார்.

 இளையவள் கிளம்பும்போதுதான், செருப்பை மாட்டிக்கொண்டே, "ஆவணி பொறந்ததும் அவர் என்னை அழைச்சுண்டு போக வராராம். அண்ணா சரின்னுட்டார்" என்றாள்.

அந்த வாரம் ரவிக்கைத் துணி வாங்க பாண்டி பஜார் போன நான், பக்கத்தில் ஒரு லெண்டிங் லைப்ரரியில் அதே தொடர்கதையைப் பார்த்தேன். வேறு யாரோ பைண்டு செய்தது. இதில் ஒரு அத்தியாயம் கூடுதலாக இருந்தது. நின்றபடியே படித்தேன். வீட்டை விட்டுப் போனவள் பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வந்து, கணவன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். முற்றும்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் அரை மணி நேரப் பேச்சு மொத்தமும் வீண்! அதை இரவல் எடுத்துக்கொண்டு வந்து, சனிக்கிழமை போனதும் போகாததுமாக அவள் மடியில் போட்டேன்.

"கடைசி வாரம் எங்கேடி?"

"நான் பைண்டருக்குக் குடுக்கலை."

"ஏன்?"

"பிடிக்கலை."

"சட்டம் உனக்கும்தான். ஏன் பிடிக்கலைன்னு சொல்லு."

அவள் புத்தகத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள். "அவ திரும்பிப் போனா மறுநாள் என்ன நடக்கும்னு எழுதினவருக்குத் தெரியாது. நேக்குத் தெரியும்."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. 

"அவ போகத்தான் வேணுமா மாமி?" என்று கேட்டாள். எந்த அவள் என்று யாரும் கேட்கவில்லை.

"வேண்டாம்டி" என்றார் மாமி.

ஆவணி பிறந்தது.  சனிக்கிழமை வாசலில் சத்தம் கேட்டதும் நாங்கள் மூன்று பேரும் ஓடினோம். அவள்தான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"போகமாட்டேன்னு சொல்லிட்டேன் மாமி. அண்ணா இனிமே இந்தாத்துல இருக்கப்படாதுன்னுட்டார்."

"சரி, கால் அலம்பிண்டு உள்ளே வா" என்றார் மாமி. "பின்கட்டு ரூமை அன்னிக்கே ஒழிச்சு வெச்சுட்டேன்."