துரையின் தூரக்கண்ணாடியில் ஜிம்மி

நோர்வூட்டில் காற்சட்டையின் நீளத்தைக் குறைக்கக் கொடுத்துவிட்டுத் தையல் கடையில் உட்கார்ந்திருந்தேன். தையற்காரர் மெசினுக்கு எண்ணெய் விட்டார். அந்த வாசம் வந்ததும் எனக்குப் பங்களாவின் சாப்பாட்டு மேசை ஞாபகம் வந்துவிட்டது. பிறகு காற்சட்டை எங்கே, நான் எங்கே.

தொண்ணூறுகளில் நான் தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் வீட்டு வேலை பார்த்தேன். தோட்டத்தை நடத்திய துரை புதிது, தெற்கே காலி ஊர்ப் பக்கத்துச் சிங்களவர், கலியாணம் ஆகாதவர். கோழிகள் மீது உயிர். அந்தக் கோழிகளை ஒரு கறுப்பு நாய் வந்து தூக்கிக்கொண்டு போனது. சுட்டே தீருவேன் என்று, தன் லைசன்ஸ் ரைபிளுக்குக் கொழும்பிலிருந்து ஒரு தூரக்கண்ணாடி தருவித்தார். அது எந்த நாய் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு ஜிம்மி. சொல்லத்தான் வாய் வரவில்லை. இன்றைக்கும் பஸ்ஸில் மிச்சக் காசு கேட்கக் கூச்சப்படுகிறவன் நான்.

ஒரு ஞாயிறு காலை, ஜன்னலுக்கு நேராகச் சாப்பாட்டு மேசையில் மணல் மூட்டை வைத்து, அதன் மேல் ரைபிளைக் கிடத்தினார். ரைபிளின் முதுகில் ஒட்டியிருந்த எண்ணெயைத் துடைத்துவிட்டு, இரண்டு வளையங்களில் கண்ணாடியைப் பொருத்தினார். அது அசையாமல் என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். யுத்தம் நடந்ததால் எங்கள் தமிழ் ஆட்கள் துவக்கைத் தொடவே பயந்த காலம் அது. நான் அடுப்படித் துணியைச் சுற்றிக்கொண்டு பிடித்தேன்.

"ஏன், சுடுதா?" என்றார்.

கண்ணாடிக்குள் ஒரு கூட்டல் குறி தெரியும். நான் படித்த ஐந்து வகுப்பில் மறக்காமல் மிஞ்சியது அதுதான். அதன் நெடுங்கோடு சாயாமல் நிற்கிறதா என்று ஒத்துப் பார்ப்பதற்காகத் தோட்டத்து மரக்கிளையில் நூல் கட்டி, நுனியில் பூட்டைத் தொங்கவிட்டோம். பிறகு துவக்கின் பின்பக்கத்தைக் கழற்றி, குழல் வழியாகவே பார்த்தார். சரிவில், நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பக்கத்தில் நின்ற வெள்ளைத் தண்ணீர்த் தாங்கி குழலின் நடுவில் விழுந்தது. இனித் திருகைத் திருகிக் கூட்டல் குறியையும் அதே இடத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

குனிந்தவர், கண்ணாடி மங்கிவிட்டது என்றார். கைலேஞ்சியால் துடைத்தார். வாயால் ஊதினார். என்னிடம் வேறு துணி கேட்டார். பள்ளத்திலிருந்து பனி ஏறி வந்து தாங்கியை மூடியிருந்தது, அவ்வளவுதான். துரை மங்கிவிட்டது என்றால் மங்கியதுதான். நான் துணி துணியாகக் கொண்டுவந்து கொடுத்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு, அந்தப் பனி விலகவே கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

விலகிவிட்டது. துரை திருகினார், பார்த்தார், மறுபடி திருகினார். பிறகு திருப்தியோடு என்னைக் கூப்பிட்டார்.

"நீயும் பாரு. குறி சரியா?"

பார்த்தேன். தாங்கி கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. அதன் அடியில், கூட்டல் குறிக்குச் சற்றுக் கீழே, ஜிம்மி படுத்திருந்தது. பக்கத்தில் அம்மா குந்தி, ரொட்டியைப் பிய்த்து அதற்குப் போட்டுக்கொண்டிருந்தது. இரண்டு பேரையும் அவ்வளவு கிட்டத்தில் அப்படிப் பார்த்ததில்லை.

"அது எங்க வீட்டு நாய்ங்க, தொரை."

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. துரை குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"பொம்பள யாரு?"

"எங்கம்மாங்க."

நிமிர்ந்து, கண்ணாடியின் மூடிகளைப் போட்டார்.

"கட்டிப் போடு" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அம்மாதான் என்னை விடவில்லை. "கோழிக்கறி தின்னது தொர, கட்டுப்பட்டது என் புள்ளயா?" என்று, ஜிம்மியைக் கட்டிய கயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் திட்டும். ஆனால் ஒருநாளும் அவிழ்த்துவிடவில்லை.

இப்போது பங்களா ஹோட்டலாகிவிட்டது. போன மாதம் கேஸ் சிலிண்டர் இறக்கப் போனபோது, அந்த ஜன்னலில் கொஞ்சம் நின்றேன். சரிவு முழுக்க டர்பன்டைன் மரங்கள் உயர்ந்து வளர்ந்து, லயத்துப் பக்கத்தை மறைத்து நிற்கின்றன. ஜிம்மி இல்லை, அம்மாவும் இல்லை. அந்தக் கண்ணாடியையே கொண்டுவந்து வைத்து, பனி விலகும்வரை காத்திருந்தாலும், எங்கள் வாசல் இனி அதில் விழாது.