நாயோடு படித்த செக் பாஷை

லண்டனில் ஒருமுறை பெரிய பனி கொட்டி, பஸ் எல்லாம் ஓடாமல் நின்றுபோனதே, ஞாபகம் இருக்கிறதா? இது அதற்கு முந்திய குளிர்காலத்தில் நடந்தது. பனி கொட்டிய அன்று என் மகன் நாங்கள் இருந்த ஸ்ட்ரெதத்திலிருந்து வேலைக்கு நடந்தே போய், இரண்டு நாள் கால் வீங்கிக் கிடந்தான். அது வேறு கதை. நான் சொல்ல வந்தது என் சிறுவயதைப் பற்றி.

சிறுவயது எனக்கு இரண்டு தரம் வந்தது. முதலாவது எல்லாருக்கும் வருவதுபோல வந்து போய்விட்டது. இரண்டாவது, அறுபத்தெட்டு வயதில், மகன் என்னை லண்டனுக்குக் கூப்பிட்ட பிறகு வந்தது. ரோட்டைக் கடக்கக் கையைப் பிடிப்பார்கள். கடையில் எதையாவது எடுத்துப் பார்த்தால் திரும்ப வாங்கி வைத்துவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேல் பேத்தி. அவளுக்கு அப்போது ஆறு வயது.

"அப்பப்பா, இரு. வாயைத் துடை. ஜக்கெட் போடு."

மருமகளுக்கு வெட்கமாகிவிட்டது. "மாமா, குறை நினைக்காதேங்கோ. நாங்கள் அவளோட கதைக்கிறதைத்தானே அவள் உங்களோட கதைக்கிறாள்."

அது உண்மைதான். தனக்குச் சொல்லப்பட்ட தமிழ்தான் அந்தப் பிள்ளைக்குத் தெரியும். குழந்தைக்குச் சொல்லும் தமிழ் அது. அதை என்னிடம் சொல்லிச் சொல்லி என்னையும் குழந்தையாக்கிவிட்டாள்.

நான் மூன்றாம் வகுப்போடு தோட்டத்துக்கு இறங்கியவன். ஆனாலும் என்னிடம் பல தமிழ் இருந்தது. மாட்டை அதட்ட ஒன்று, சந்தையில் வெங்காயத் தரகனோடு மல்லுக்கட்ட ஒன்று. அரசாங்கக் கச்சேரியில் பெரிய ஐயாவுக்கு முன்னால் நின்று கதைப்பது இன்னொன்று. அதை முதல்நாளே வரம்பில் நடந்து நடந்து சொல்லிப் பார்ப்பேன். மாடு சிரிக்காது. லண்டனில் மாடும் இல்லை, தரகனும் இல்லை, பெரிய ஐயாவும் இல்லை. காலையில் எல்லாரும் போய்விட்டால் பின்னேரம் வரைக்கும் வாய் திறக்க வேலையில்லை. அந்தத் தமிழ்களை எல்லாம் வைத்துக்கொண்டு நான் ஜன்னலில் இருந்தேன்.

எங்களுக்குக் கீழ்வீட்டில் ஒரு செக் நாட்டு அம்மா இருந்தார். முன்கதவு ஒன்று, உள்ளே வீடு இரண்டு. தரை மெல்லியது, அவர் கதைப்பதெல்லாம் மேலே கேட்கும். ஒரு சொல் விளங்காது. ஆனால் என்ன அலுவலாகக் கதைக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும். டெலிபோனில் ஏதோ கந்தோர் உத்தியோகத்தரோடு கதைக்கும்போது ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல் நிமிர்ந்து, விறைத்து வரும். சில பின்னேரங்களில் ஏதோ புத்தகத்தைச் சத்தமாக வாசிப்பார். அது தேவாரம்போல இழுத்து வரும். இன்னொன்று இருந்தது. தணிந்து, உருண்டு, அடிவயிற்றிலிருந்து வரும். அது நாயோடு கதைப்பது. கிழட்டுப் பெட்டை நாய், மண்ணிறம், நல்ல கொழுப்பு. அந்த வீட்டுக்கு வேறு ஒருவரும் வந்து நான் கண்டதில்லை.

ஐப்பசி கழிந்த நேரம், அந்த அம்மா படியில் வழுக்கிக் கணுக்கால் முறிந்துபோனது. நாயை வெளியே கொண்டுபோக ஆளில்லை. மகன் என்னைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டான்.

"அப்பா சும்மாதானே இருக்கிறார். அவர் கொண்டுபோவார்."

அப்படித்தான் நான் செக் படித்தேன். அந்த அம்மா கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, கையால் காட்டிக் காட்டிச் சொல்லித் தந்தார். 'செட்னி' என்றால் இரு. 'நெபோய்' என்றால் பயப்படாதே. 'ஹொத்னா ஹொல்கா' என்றால் நல்ல பெட்டை. வெள்ளைக்காரர் வெடி கொளுத்தும் காலம் அது. வெடிக்கு வெடி நாய் நடுங்கும். நான் குந்தியிருந்து காதைத் தடவி, "நெபோய், நெபோய்" என்பேன். பூங்காவில் ஆளில்லாத மூலையில் மாட்டுத் தமிழையும் எடுத்துவிடுவேன். அதற்கும் அது காது கொடுத்தது. நாளுக்கு ஒரு மணித்தியாலம் எனக்கும் கதைக்க ஆள் இருந்தது.

தை மாதம் நாய் சாப்பாட்டை விட்டது. அந்த அம்மாவுக்குக் கால் சுகமாகியிருந்தது. மிருக வைத்தியரிடம் தானே தூக்கிக்கொண்டு போனார். திரும்பித் தனியாக வந்தார். நான் படியில் நின்றேன்.

செத்த வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். இரண்டு கையையும் பிடித்து ஏதாவது சொல்ல வேண்டும். எதைச் சொல்வது? என் இங்கிலீஷ், மகன் வேலை செய்யும் பெற்றோல் ஷெட்டில் கேட்டுப் படித்தது. எந்தப் பம்ப், ரிசீட் வேண்டுமா, அவ்வளவுதான். ஆகவே கையைப் பிடித்துக்கொண்டு என்னிடமிருந்த செக்கைச் சொன்னேன். நெபோய், நெபோய். ஹொத்னா ஹொல்கா.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். முகத்தைக் கையால் மூடிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டார்.

மகன் தலையில் கை வைத்தான். "என்னப்பா நீங்கள், நாய் செத்துப்போய் நிக்கிற மனுசியோட நாய்ப் பாஷையிலயோ கதைச்சனீங்கள்?"

"பேசாம இருங்கோப்பா, மாமாவுக்கு என்ன தெரியும்" என்றாள் மருமகள். அவளுக்கும் சிரிப்பை அடக்க ஏலவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அதன்பிறகு கீழே ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் படி இறங்கினேன்.

சில நாள் கழித்து, வீட்டில் நான் தனியாக இருந்த ஒரு மத்தியானம், கதவில் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அந்த அம்மாவின் குரல். செய்தி வாசிக்கும் குரல் அல்ல. தணிந்த, உருண்ட, நாய்க்கென்றிருந்த குரல். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் சொன்னதற்குப் பதிலடி தருகிறார், என்னையும் நாயாக்கிக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, அசையாமல் கட்டிலில் இருந்தேன். இன்னொரு நாளும் வந்தார். அன்றைக்கும் இருந்தேன். பிறகு வரவில்லை. குளிர் விட்டதும் ஒரு வான் வந்து அந்த அம்மாவின் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனது. எங்கே என்று எங்களுக்குச் சொல்லவில்லை.

அடுத்த வருடம் மகனின் ஷிப்டில் ஒரு செக் பெடியன் சேர்ந்தான். மகன் பகிடிக்காக அவனை என்னிடம் கூட்டி வந்து, எனக்குத் தெரிந்த செக்கைச் சொல்லச் சொன்னான். சொன்னேன். பெடியன் சிரிக்கவில்லை. மகனிடம் இங்கிலீஷில் நிறைய நேரம் கதைத்தான்.

"அப்பா, இது நாய்க்கெண்டு தனிப் பாஷை இல்லையாம். தாய் சின்னப் பிள்ளைக்குச் சொல்றதாம். அவங்களுக்கும் எங்களைப் போல எழுதுறது வேற, கந்தோரில கதைக்கிறது வேற, வீட்டில கதைக்கிறது வேறயாம். இது வீட்டுக்குள்ள மட்டும்தானாம். தாய் செத்தாப்பிறகு தனக்கு ஒருத்தரும் இப்பிடிச் சொன்னதில்லை எண்டு சொல்றான்."

இத்தனை தமிழை வைத்துக்கொண்டு ஜன்னலில் இருந்தவனுக்கு, கீழே ஒருத்தி தன் வீட்டுப் பாஷையைச் சொல்ல ஆளில்லாமல் ஒரு நாய்க்குச் சொல்லிக்கொண்டிருந்தது தெரியவில்லை. நாயும் போனபிறகு, அந்தப் பாஷை தெரிந்த ஆள் அந்த வீட்டில் இன்னொருவர் இருக்கிறார் என்று நம்பித்தான் அவர் படியேறி வந்தார். அறுபத்தெட்டு வயதுப் பிள்ளைக்கு அது விளங்கவில்லை.

நீங்கள் நாலு இடம் போய்வருகிறவர்கள். செக் ஆட்கள் யாரையாவது கண்டால் கேட்டுப் பாருங்கள். ஸ்ட்ரெதத்தில் கீழ்வீட்டில் இருந்தவர், மண்ணிறப் பெட்டை நாய் வைத்திருந்தவர் என்று சொன்னால் போதும். அவரைத் தெரியும் என்று யாராவது சொன்னால், அந்த மத்தியானம் மேல்வீட்டில் ஆள் இருந்தது என்று சொல்லிவிடுங்கள்.