பெரிய அளவிலும் ஓடுகிறது உன் கார்டு

பப்புக்குட்டி, நீ எங்களை விட்டுப் போன பிறகு இன்றுதான் உன் கம்ப்யூட்டரைப் போட்டோம். உன் சிநேகிதன் முரளி வந்திருந்தான்.

“கிராபிக்ஸ் கார்டு சுமாரானது ஆண்ட்டி, படத்தைப் பெரிய அளவுல வெச்சா கேம் திக்கும். கழட்டிடலாம்.”

“என் புள்ள பார்த்து வாங்கினதுடா. ஓட்டிக் காட்டு, அப்புறம் பேசு.”

கார் பந்தயத்தைத் திரையில் 800 அளவில் வைத்தான், சத்தமில்லாமல் ஓடியது. 1024-லும் ஓடியது. 1280-ல் கார்டின் விசிறி மிக்ஸி மாதிரி கத்தியது, ஆனால் கார் எங்கேயும் திக்கவில்லை.

முரளி தலையைச் சொறிந்தான். “நல்லாத்தானே ஓடுது! அவன் ஏன் எப்பவும் 800லயே ஆடினான்?”

உன் இணையப் பக்கத்தில் இதைப் படிக்கிற எல்லோருக்கும் சொல்கிறேன், கார்டைக் கழற்ற விடமாட்டேன்.

நம் வீடு ஒரே அறை. விசிறி கத்தினால் பக்கத்தில் படுத்திருக்கிற அம்மா எழுந்துவிடுவாள் என்றுதானாடா?